ஏரியை வடிக்க வந்த பொண்ணு

பெனினா, சாமு... இந்த வாரம் நம்ம வீட்டு விஷயம்தான். உங்களைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நேற்றுக் கேட்டேன். சாமு, நீ "என் பேரைப் பெருசா போடுங்க" என்றாய். பெனினா, நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எழுதுங்கப்பா. ஆனா நீங்க சொன்னதையும் விட்டுடாம எழுதணும்" என்றாய்.

சரி. விடாமலே எழுதுகிறேன்.

மற்ற பிள்ளைகளே, நீங்களும் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தப் பக்கத்தைப் புதுசாகத் திறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆரணியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றித் தருவது தொழில். படிப்பு பத்தாவது. மகள் பெனினா காலேஜில் தாவரவியல் முடித்தவள். மகன் சாமு பிளஸ் டூ படிக்கிறான். வாய் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கியாச்சு.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். கடையில் கையெல்லாம் வார்னிஷ். போன் அடித்தது. பெனினா.

"அப்பா, பயப்படாதீங்க... என்னை இங்க புடிச்சு வெச்சிருக்காங்க."

இப்படி ஒரு வாக்கியத்தைப் 'பயப்படாதீங்க' என்று ஆரம்பித்தால் எந்த அப்பனுக்காவது பயம் வராமல் இருக்குமா?

"யாரும்மா புடிச்சு வெச்சிருக்காங்க?"

"ஊர்க்காரங்க."

"எத்தனை பேரு?"

"ஊரேதான்ப்பா. நான் ஏரியை வடிக்க வந்தேனாம்."

ஏரியை வடிக்கவா? சோறு வடிப்பார்கள், கஞ்சி வடிப்பார்கள். ஏரியை யார் வடிப்பார்கள்? கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

போகிற வழியில் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேசிய சேவைத் தொண்டர் என்று ஒரு பதவி. படித்த பிள்ளைகள் ஒரு வருஷம் நாட்டுக்காக வேலை செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று நீர்வடிப்பகுதி மீட்பு. இன்னொன்று சுற்றுச்சூழல் கல்வி. முதலாவது பெனினாவுக்குக் கிடைத்தது. வருஷ முடிவில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால் வனத்துறை மாதிரி வேலைக்குப் போகும்போது கொஞ்சம் மதிப்பு. என் மகளுக்கு மரம் செடி என்றால் உயிர். அந்தச் சான்றிதழ் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

சேர்ந்த உடனே பயிற்சி. என்ன பயிற்சி? உறுதிமொழி எப்படிச் சொல்வது. பேனரை எப்படிப் பிடிப்பது. போட்டோவில் அதிகாரி முகத்தை மறைக்காமல் எப்படி நிற்பது. மண்வெட்டி பிடிக்க ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை! ஆனால் பச்சைத் தொப்பி கொடுத்தார்கள், பச்சை டீ-ஷர்ட் கொடுத்தார்கள், தலையணை கனத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள்.

அந்தக் கையேட்டில்தான் இந்த வார்த்தை. நீர்வடிப்பகுதி. உங்கள் வீட்டில் யாராவது இந்த வார்த்தையை ஒரு தடவையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை. பெனினாதான் விளக்கினாள். மொட்டை மாடியில் மழை பெய்கிறது. தண்ணீர் ஒரே குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்தக் குழாய்க்குத் தண்ணீர் அனுப்புகிற மாடி முழுவதும் சேர்ந்து அந்தக் குழாயுடைய நீர்வடிப்பகுதி. ஏரிக்கும் அப்படித்தான். எங்கெங்கே விழுகிற மழை ஓடிவந்து ஏரியில் சேருகிறதோ, அந்த இடமெல்லாம் ஏரியின் நீர்வடிப்பகுதி. இவ்வளவுதான். இதைச் சொல்ல மொட்டை மாடி போதும். தலையணை எதற்கு?

எங்கள் சர்ச் சபையில்கூட ஒரு கூத்து. பெனினாவுக்கு 'மீட்புப் பணி' கிடைத்தது என்று நான் பெருமையாகச் சொல்ல, ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா... எந்த ஊர்ல ஊழியம்?" என்று கேட்டார். "தண்ணி சம்பந்தப்பட்டது" என்றேன். "ஞானஸ்நானமா!" என்றார். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வார்த்தையை ஆளுக்கு ஒரு மாதிரி படிப்பார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆச்சா? ஊர் வந்துவிட்டது. தேவிகாபுரம் போகிற பஸ் பாதையில் ஒரு கிராமம். பேர் வேண்டாம்.

ரேஷன் கடை எதிரில் புங்கமரம். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் என் மகள். சுற்றிலும் ஒரு நாற்பது பேர். அவள் கையில் ஒரு சொம்பு மோர்.

முன்னால் நின்றவர் அஞ்சலை. நடவு, களை, கிடைத்த கூலி வேலை எல்லாம் பார்க்கிறவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய்க் கரையில் ஏழு குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றன. அதில் ஒன்று அவருடையது.

"நீங்கதான் பாப்பாவோட அப்பாவா? குந்துங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டுங்க. என் பொண்ணை எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

"யாரு புடிச்சு வெச்சாங்க? குந்த வெச்சிகீறோம். சேர் போட்டு, மோர் குடுத்து குந்த வெச்சிகீறோம். ஜெயில்ல மோரு குடுப்பாங்களா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அங்க பாருங்க. இன்னா எழுதிகீதுன்னு நீங்களே படிங்க" என்று ரேஷன் கடைச் சுவரைக் காட்டினார். முந்தின நாள் கட்டின பெரிய பிளெக்ஸ் பேனர். ஏழு பெரிய மனிதர்கள் கும்பிட்டபடி நின்றார்கள். ஏரியின் படம் எங்கும் இல்லை. கீழே: 'நீர்வடிப்பகுதி மீட்புப் பணி. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குவீர்.'

"நீர்... வடி... பகுதி... மீட்பு" என்று அஞ்சலை ஒவ்வொரு துண்டாக வெட்டிப் படித்தார். "ஏரித் தண்ணிய வடிச்சுடுவாங்க. அப்பறம் பகுதிய மீட்டுகினு பூடுவாங்க. இந்த 'மீட்பு'ன்ற வார்த்தைய நாங்க புதுசாவா பாக்கறோம்? போன வருசம் பக்கத்து ஊர்ல இதே மாதிரி 'மீட்பு'ன்னு போர்டு வெச்சாங்க. மறுநா ஜேசிபி வந்துச்சி. எட்டு வூடு போச்சி. நாங்க எங்க போவறது, சொல்லுங்க?"

பின்னால் இருந்து ஒரு பெரியவர், "சோறு வடிக்கிற மாதிரி ஏரிய வடிக்கறதுக்கு ஒரு சின்னப் பொண்ணை அனுப்பிகீறாங்கபா!" என்றார். மறுபடி சிரிப்பு. ஆனால் அஞ்சலை சிரிக்கவில்லை. அவர் கண் என் மகள் மேலேயே இருந்தது.

பெனினா எழுந்து நின்றாள். கையேட்டைத் திறந்தாள். "அக்கா, இது ஒருங்கிணைந்த இயற்கை வள மேலாண்மைத் திட்டத்தின் கீழ்..."

"பாத்தீங்களா... மறுபடியும் பேசுது!" என்றார் அஞ்சலை என்னைப் பார்த்து.

என் மகள் முகம் சிவந்தது. கையேட்டை மூடி நாற்காலியில் வைத்தாள். தொப்பியையும் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"அக்கா, ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய்ல மண்ணு அள்ளணும். அதுக்குத்தான் வந்தேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வூடுங்க?"

"வீட்டைத் தொடறதா இருந்தா நான் இந்த வேலைக்கு வரமாட்டேன்."

அஞ்சலை பேனரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்குமா அம்மாம் பெரிய பேனரு?" என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். இந்த வார்த்தைகளை எல்லாம் யார் உட்கார்ந்து செய்கிறார்கள்? செய்தவர்கள் ஒரு தடவை ரேஷன் கடை வாசலில் நின்று சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தார்களா? ஏழு குடும்பம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை பிள்ளைகளே. ஒரு வார்த்தையால்!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அஞ்சலை, "கால்வாய்ல மண்ணு அள்றேன்ற. கால்வா எங்க அடச்சிகீது தெரியுமா? வா, காட்றேன்" என்று முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். கரையோடு மேலே போனோம். அரை மைல் தூரம் இருக்கும். ஒரு இடத்தில் கால்வாய் மாயமாக மறைந்துவிட்டது. அதன் குறுக்கே செம்மண் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கல் நட்ட வீட்டு மனைகள். நுழைவில் பெரிய வளைவு. வளைவில் நகரின் பேர். அந்தப் பேரில் 'லேக்' என்று இங்கிலீஷில் ஒரு ஏரி இருந்தது! ஏரிக்குப் போகிற தண்ணீரை மண் போட்டு அடைத்துவிட்டு, ஏரியைப் பேரில் வைத்துக்கொண்டார்கள்.

"ரோட்டுக்கு அடியில ஒரு குழா போட்டிருந்தா தண்ணி பூடும். போடல" என்றார் அஞ்சலை.

அந்த மனைகளுக்கு நடுவில் ஒரு போர்வெல். அந்தப் போரில் இறங்கியிருக்கிற மோட்டார் என் கையால் இறக்கினது. மனை போட்டவர் என் கடைக்கு நல்ல கஸ்டமர். அந்தச் செம்மண் சாலை மேல் பத்து தடவையாவது வண்டி ஓட்டிப் போயிருப்பேன். 'பரவாயில்லை, ரோடு நல்லாப் போட்டிருக்காங்க' என்று ஒரு நாள் அவரிடமே பாராட்டினேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு கால்வாய் செத்துக் கிடக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் எரிந்தால் எனக்கு வேலை வருகிறது. எனக்கு எதற்குத் தோன்றப் போகிறது?

மனை போட்டவர் என் கஸ்டமர் என்பதை அன்றைக்கு அஞ்சலையிடம் நான் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் 'மீட்பு' நடந்தது. எப்படி? ஒருங்கிணைப்பாளர் என்று ஒருத்தர் காரில் வந்தார். பேனர் வந்தது. புது மண்வெட்டிகள் வந்தன. ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை. ஊர்ப் பக்கம் ஏரியை ஒட்டி இருக்கிற கால்வாயில் ஒரு ஐம்பதடி தூரம் புல் செதுக்கினார்கள். இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள். முதலில் மண்வெட்டியைத் தூக்கின மாதிரி. அப்புறம் இறக்கின மாதிரி. அப்புறம் டீ.

அஞ்சலை வந்து பார்த்துவிட்டு, "சார், மேல அடச்சிகீது. இங்க சுத்தம் பண்ணி இன்னா புண்ணியம்? குழாயில தண்ணி வரலன்னா கொடத்த கழுவிகினே இருக்கறதா?" என்று கேட்டார்.

ஒருங்கிணைப்பாளர் சிரித்தபடியே சொன்ன பதிலை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. பெரியவர்கள் ஆனதும் உங்களுக்கு அடிக்கடி கிடைக்கும். "அது வேற டிபார்ட்மென்ட்மா."

மழைக்கு எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியுமா?

பணி முடிவு அறிக்கை என்று ஒரு தாள். அதில் 'பணியின் நிலை' என்ற இடத்தில் பெனினா 'மீட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தாள். சாப்பாட்டு நேரம்.

"மேலே ரோடு போட்டு அடைச்சிருக்காங்கன்னு எழுதறேன்னு சொன்னேன். 'உன் வேலை விழிப்புணர்வு, ஆராய்ச்சி இல்ல'ன்றார். இப்படியே எழுதினா சான்றிதழ் கஷ்டம்னு சொல்றார். நான் என்னப்பா பண்றது?"

இப்போது நான் சொன்னது. விடாமல் எழுதச் சொன்னாளே, அது.

"போட்டுட்டு வந்துடும்மா" என்றேன்.

"பொய்யாச்சே?"

"ஐம்பதடி செதுக்கினாங்க இல்ல? அந்த ஐம்பதடி மீண்டுச்சுதான? அந்த அர்த்தத்துல போடு."

சாமு தட்டில் இருந்து தலை நிமிர்த்தினான். "அப்பா, போன வாரம் பத்தியில என்ன எழுதினீங்க? தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டறவங்களைப் பத்தித்தானே?"

"நீ சாப்பிடுடா."

"இல்ல... இந்தப் புளி எந்தக் கடைப் புளின்னு கேட்டேன்."

என் மனைவி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அது மோர் சாதம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பெனினா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா... அந்தப் போர் மோட்டார் நீங்க இறக்கினதுதானே? மோட்டார் பெட்டியில நம்ம கடை ஸ்டிக்கர் இருந்துச்சு" என்றாள். தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

கேட்டீர்களா? அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பேன் என்று ஒரு வாரம் காத்திருந்திருக்கிறாள். நான் திறந்தேன், போட்டுட்டு வந்துடு என்று சொல்ல.

தாள் கையெழுத்து இல்லாமலே அவள் பையில் கிடந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு பதவிக்காரன், அதுதான் சுற்றுச்சூழல் கல்வி, செய்யாறில் கம்பெனி வேலை கிடைத்துத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். புத்திசாலி. கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. அவன் வேலையும் பெனினா தலையில் விழுந்தது. கூடவே ஒரு மூட்டைத் துண்டறிக்கை. வழுவழுப்பான தாள். அதே ஏழு பெரிய மனிதர்கள். 'நீர்வடிப்பகுதி காப்போம்.' பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்து உறுதிமொழி வாங்க வேண்டும். கல்வி முடிந்தது!

அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. "உங்க ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று பெனினா கேட்டிருக்கிறாள்.

"மோட்டார்லேருந்து மிஸ்!"

ஒரு மோட்டார்காரன் மகளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. சனிக்கிழமை காலையில் கால்வாயின் மேல்பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெனினா ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். கையில் துண்டறிக்கை மூட்டை. "ஆளுக்கு அஞ்சு கப்பல் செய்யுங்க. தண்ணியில விடுங்க. கப்பல் கூடவே நடங்க. அது எங்க போவுதோ, அதான் பாடம்" என்றாள்.

வழுவழுப்புத் தாள் இல்லையா, கப்பல் சீக்கிரம் ஊறவில்லை. அரசாங்கம் நல்ல தாளில்தான் அடித்திருக்கிறது. நூற்றுக்கு மேல் கப்பல். பிள்ளைகள் கரையில் கத்திக்கொண்டே ஓட, கப்பல்கள் வளைந்து நெளிந்து வந்து... செம்மண் சாலையில் முட்டி நின்றன. ஒன்றுமேல் ஒன்று ஏறி நின்றன. நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் முகூர்த்த நாளில் வண்டிகள் நிற்குமே, அந்த மாதிரி. சாலைக்கு இந்தப் பக்கம் குட்டை. அந்தப் பக்கம் காய்ந்த மண்.

பாடம் நடத்தக் கையேடு தேவைப்படவில்லை. புல் செதுக்கப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை நின்று பார்த்துவிட்டு, "காயிதமே போவாத எடத்துல தண்ணி எப்டிமா போவும்?" என்றார். பிள்ளைகள் அதையே பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மனை வாங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. சென்னைக்காரர்கள். ஒருத்தர் இறங்கி, ஷூவைத் தூக்கிப் பிடித்தபடி, "இங்க ஏன் தண்ணி நிக்குது?" என்றார்.

ஒரு ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை பவ்யமாகப் பதில் சொன்னாள். "சார், தண்ணி சரியாத்தான் சார் நிக்குது. நீங்கதான் கால்வாய்ல நிக்கறீங்க சார்."

வேன் திரும்பிப் போய்விட்டது.

பெனினா கப்பல் குவிந்து நின்றதைப் போட்டோ எடுத்து அறிக்கையோடு சேர்த்தாள். 'மீட்கப்பட்டது' என்று எழுத வேண்டிய இடத்தில், 'கால்வாய் மேற்பகுதியில் சாலையால் அடைபட்டுள்ளது. குழாய் பதிக்காமல் மண் அள்ளிப் பயன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இரண்டு வரி. புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை மனை போட்டவர் எனக்குப் போன் செய்தார். "இன்னாண்ணா, உங்க பொண்ணாமே? வியாபாரத்த கெடுத்துகினு கீது. கொஞ்சம் சொல்லி வெய்யுங்க." நான், "சொல்றேன் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதையும் விடவில்லை, எழுதிவிட்டேன்.

புதன்கிழமை ஒருங்கிணைப்பாளர் ஆபீசில் இருந்து அழைப்பு. பெனினாவுக்கு மட்டும் இல்லை, தகப்பனும் வர வேண்டுமாம். இருபத்திரண்டு வயசுப் பெண் நாட்டுக்குச் சேவை செய்யலாம். தப்பு செய்தால் மட்டும் அப்பாவைக் கூட்டி வரணும்!

மேஜைமேல் ஒரு புகார் இருந்தது. 'நீர்நிலையில் குப்பை கொட்டியது. விழிப்புணர்வுத் துண்டறிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியது.' எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தச் சாக்கடையில் எந்தக் கலரில் தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்காதவர்கள், என் மகள் விட்ட காகிதக் கப்பலை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

புகாருக்குப் பக்கத்தில் இன்னொரு தாள். டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'குடும்பச் சூழல் காரணமாக இப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு இடம். சாட்சியாக என் கையெழுத்துக்கு ஒரு இடம்.

"கவுரவமா முடிச்சுக்கலாம் சார். ஜல்தியா போட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். பெனினாவிடம் இல்லை. என்னிடம். ஆள் எடை பார்க்கத் தெரிந்தவர்.

பேனாவை வாங்கிவிட்டேன். ஆமாம், வாங்கினேன்.

"எங்க குடும்பத்துல ஒரு சூழலும் இல்ல சார்" என்றாள் பெனினா. "நான் விலகல. நீங்க நீக்குங்க. ஆனா என்ன காரணத்துக்குன்னு எழுதிக் குடுங்க. கப்பல் எங்க போய் நின்னுச்சுங்கறதையும் சேர்த்து எழுதுங்க."

அவர் டைப் அடித்த தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. பேரிங் போயிருக்கிறது, ஒரு நாளில் நின்றுவிடும் என்று என் மனசு அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது பாருங்கள். தொழில் புத்தி.

பெனினா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அப்பா என்ன செய்வார் என்று பார்க்கக்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அல்லது, பார்க்கப் பயமாக இருந்ததோ என்னமோ.

பேனாவுக்கு மூடி போட்டேன். மேஜைமேல் வைத்தேன். "வேணாங்க சார்" என்றேன். இவ்வளவுதான் நான் செய்த வீரம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. காரணம் எழுதி நீக்க அவர்களுக்குக் கை வரவில்லை. எழுதினால் சாலையையும் எழுத வேண்டுமே! அவள் பேருக்கு நேரே 'நிலுவை' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். வேலை எதுவும் கொடுப்பதில்லை. அவள் தினமும் காலையில் தொப்பி இல்லாமல் அதே பஸ்ஸில் போகிறாள், கையோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு. ஸ்டிக்கர் இல்லாத மண்வெட்டி. சான்றிதழ் வருமா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அஞ்சலையும் இன்னும் பதினோரு பேரும் மனு நாளில் போய் மனு கொடுத்திருக்கிறார்கள். 'எங்கள் ஏரிக்கு வருகிற கால்வாயில் குழாய் போட்டுத் தரவும்.' மனுவில் நீரும் இல்லை, வடியும் இல்லை, பகுதியும் இல்லை. அதுவும் விசாரணையில் இருக்கிறதாம். குழாய் இன்னும் வரவில்லை. அடைமழை வரப்போகிறது.

மனை போட்டவருடைய மோட்டார்கள் இப்போது வேறு கடைக்குப் போகின்றன. எரியட்டும்.

நாட்டுக்குச் சேவை செய்ய ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். தொப்பி போட்டுக்கொண்டு நிற்கத்தான் ஆள் தேவை என்று வந்தபிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளே, நாளைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள். போகாமல் இருக்காதீர்கள். ஆனால் கொடுக்கிற வார்த்தையை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளாமல், ரேஷன் கடை வாசலில் ஒரு தடவை சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். வீட்டில் அப்பா 'போட்டுட்டு வா' என்று சொன்னால், அப்பா மோட்டார் எங்கே ஓடுகிறது என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெனினா, சாமு, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கம்பி வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேனே, கம்பிக் கடைக்கு நான் போகவில்லை. அந்தச் செம்மண் சாலைக்குப் போனேன். யாரும் இல்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினேன். கப்பல்கள் ஊறி, சேற்றோடு சேறாக ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோணிப்பையில் போட்டேன். ஒன்று விடவில்லை. என் மகள் மேல் எழுதின புகாரில் உண்மை என்று இருந்தது அந்தக் காகிதம் மட்டும்தான். அதையும் இல்லாமல் செய்துவிட்டு வந்தேன்.